கீசர் ஏன் சூடாகவில்லை? – ஒரு பழுதுபார்க்கும் பாடம்



வெப்பவியல் பாடத்தில் நாம் எழுதும் சூத்திரங்கள் பரீட்சை முடிந்து ஹாலை விட்டு வெளியே வரும்போதே பாதி மறந்துவிடுகின்றன. மறக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, படித்ததை ஏதாவது ஒரு பழைய இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பதுதான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், தெர்மல், எலக்ட்ரிகல் என்று மூன்று பாடமும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய இயந்திரம் ஒன்று நம் பகுதியில் பல வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதுதான் கேஸ் கீசர்! அது தண்ணீரைச் சூடாக்காமல் போனால் எங்கே தேடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று சேலத்திலிருந்து வரும் நண்பர்களுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். தேன்கனிக்கோட்டை மலைப் பக்கமிருந்து காற்று இறங்கினால் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் மூன்று கல் அடுப்பில்தான் தண்ணீர் காய்கிறது. கொஞ்சம் வசதியான வீடுகளில் நடுவில் குழாய் வைத்த செம்பு பாய்லர் இருந்தது. 2012ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தில் கரண்ட் கீசரை நம்ப முடியாமல் பலர் கேஸ் கீசர் மாட்டினார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்தவர்கள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து மாட்டியதும் உண்டு. இரண்டு டார்ச் லைட் பேட்டரி இருந்தால் போதும், கரண்டே வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. அந்தக் கீசர்களுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது.

பெயரைப் பற்றி ஒரு சின்னத் தகவல். ஐஸ்லாந்து நாட்டில் கெய்சிர் என்ற இடத்தில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பீறிட்டு அடிக்கும். 1868ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் கேஸில் உடனுக்குடன் தண்ணீர் சுட வைக்கும் கருவியைச் செய்து, அந்த ஊற்றின் பெயரையே அதற்கு வைத்தார். பிறகு ஜெர்மனியில் ஹியூகோ யுங்கர்ஸ் 1895ல் தெசாவ் நகரில் இதே போன்ற கருவிகள் செய்யக் கம்பெனி தொடங்கினார். 1915ல் முழுக்க உலோகத்தாலான விமானத்தைப் பறக்கவிட்டவரும் அதே யுங்கர்ஸ்தான். கீசர் ரிப்பேர் என்றால் சின்ன வேலை என்று நினைக்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

"கீசர் சூடாகல" என்று வருகிற புகார்களில் பல, பழுதே இல்லாத புகார்கள். லேபிளில் 6 லிட்டர் என்று இருக்கும். பெட்டிக்குள் 6 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி அல்ல. ஒரு நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 25 டிகிரி உயர்த்தும் என்பதுதான் அதன் பொருள். கவனியுங்கள், 25 டிகிரி உயர்த்தும் என்றுதான் சொல்கிறது. இத்தனை டிகிரிக்குக் கொண்டுபோகும் என்று சொல்லவில்லை. சித்திரை மாதத்தில் மொட்டை மாடி டேங்கில் தண்ணீர் 30 டிகிரி இருந்தால் குழாயில் 55 வரும், கை பொத்துப்போகும். மார்கழியில் அதே டேங்கில் 17 டிகிரி என்றால் 42தான் வரும். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு "முன்ன மாதிரி இல்லை" என்றால் கீசர் என்ன செய்யும்? குழாயைக் கொஞ்சம் மூடினால், அதே வெப்பம் குறைந்த தண்ணீருக்குப் போகும், சூடு ஏறும்.

6 லிட்டர் பெருக்கல் 25 டிகிரி, நிமிடத்துக்கு 150 கிலோ கலோரி. ஒரு மணிக்கு 9,000. கிலோவாட்டில் சொன்னால் சுமார் 10.5. வீட்டில் மாட்டும் 3 கிலோவாட் கரண்ட் கீசரைப் போல மூன்றரை மடங்கு! எரிகிற வெப்பத்தில் 80 சதவீதம் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தாலும், ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் சுமார் 11,000 கிலோ கலோரி இருப்பதால், மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸ் எரியும். இந்த "மணிக்கு 1 கிலோ" என்ற எண்ணைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசிப் பகுதி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

ஒன்றின் கையை ஒன்று பிடித்த சங்கிலி

பழுது பார்ப்பதற்கு முன் அது வேலை செய்யும் வரிசை தெரிய வேண்டும். குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் ஓடுகிறது. உள்ளே ஒரு சின்ன வென்டூரியில் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது (பெர்னூலியைப் படித்தோமே, அதேதான்). ஒரு ரப்பர் டயாஃப்ரத்தின் இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் வருகிறது. டயாஃப்ரம் ஒரு பின்னைத் தள்ளுகிறது. பின் மைக்ரோ ஸ்விட்சைத் தட்டுகிறது. இரண்டு 1.5 வோல்ட் பேட்டரியின் 3 வோல்ட் கன்ட்ரோல் பாக்ஸுக்குப் போகிறது. அது ஒரே நேரத்தில் ஸ்பார்க் அடிக்கிறது, சோலினாய்டு வால்வைத் திறந்து கேஸையும் விடுகிறது. பர்னர் பற்றிக்கொள்கிறது. பர்னர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி, சுடர் இருக்கிறதா என்று பார்க்கிறது. சுடருக்குள் அயனிகள் இருப்பதால் மிக மிகச் சிறிய மின்சாரம் அதன் வழியாக ஓடும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அந்த மின்சாரம் கிடைத்தால் வால்வு திறந்தே இருக்கும். கிடைக்காவிட்டால் சில விநாடிகளில் கேஸ் நின்றுவிடும்.

ஆக, நாம் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் காதையும் கண்ணையும் வைத்தே சங்கிலி எங்கே அறுந்தது என்று சொல்லிவிடலாம். டிக் டிக் சத்தமே வரவில்லை என்றால் தண்ணீர், டயாஃப்ரம், ஸ்விட்ச், பேட்டரி இந்த நான்கில் ஒன்று. சத்தம் வருகிறது, பற்றவில்லை என்றால் கேஸ் வரவில்லை. பற்றி உடனே அணைந்தால் சுடர் பார்க்கும் கம்பியில் கரி. ஒழுங்காக எரிந்தும் தண்ணீர் வெதுவெதுப்பு என்றால் வெப்பம் போய்ச் சேரவில்லை. பல கீசர்களில் 20 நிமிடம் ஆனால் தானே அணையும் டைமரும் உண்டு. நீண்ட நேரம் குளிக்கிறவர்கள் அதையும் பழுது என்றே சொல்வார்கள்!

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணனோடு வேலைக்குப் போகிறேன். செமஸ்டர் ஃபீஸுக்கு அந்தக் கூலி உதவுகிறது. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வென்டூரி என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. ஆனால் டயாஃப்ரம் காய்ந்து விறைத்துப்போனதைப் பின் நகரும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். போன மார்கழியில் நாங்கள் பார்த்த ஒரு வீட்டுக் கதையைச் சொன்னால் மேலே சொன்ன சங்கிலி நன்றாக விளங்கும்.

வாத்தியார் வீட்டுக் கீசர்

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வீடு. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய கீசர். மகள் ஏழாம் மாதத்தில் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அதனால் அவசரம். ஏற்கெனவே ஒருவர் வந்து பார்த்துவிட்டு "இதெல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் கீசரைத் தொடவே இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏங்கம்மா, எந்நேரமும் எரியலையா, இல்ல சில நேரம் எரியுதா?" என்று கேட்டார். "காலையில மோட்டார் போட்டவுடனே எரியும். சாயங்காலம் எரியாது. ஷவர்ல எரியாது, பக்கெட் குழாய்ல எரியும்" என்றார் அந்த அம்மா. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நண்பர்களே, அந்தப் பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. பல கீசர்களின் லேபிளில் குறைந்தபட்ச நீர் அழுத்தம் 0.02 அல்லது 0.025 மெகா பாஸ்கல் என்று போட்டிருக்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 0.1 மெகா பாஸ்கல். அப்படியானால் 0.02க்கு 2 மீட்டர், அதாவது ஆறரை அடித் தண்ணீர் உயரம் வேண்டும். மாடி இல்லாத தார்ஸ் வீட்டில் டேங்கின் அடிப்பாகம் 11 அடி உயரத்தில், கீசர் 5 அடி உயரத்தில். வித்தியாசம் 6 அடிதான். டேங்க் நிறைந்திருந்தால் இன்னும் 3 அடி சேரும், எரியும். சாயங்காலம் டேங்க் காலியாகும்போது எரியாது. ஷவர் உயரத்தில் இருப்பதால் ஓட்டம் இன்னும் குறையும். பெங்களூரில் மூன்றாவது மாடிக்கு மேல் டேங்க் வைத்த வீட்டில் ஒழுங்காக எரிந்த அதே கீசர் நம் ஊரில் தகராறு செய்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் பத்து வருஷம் ஓடியது இப்போது ஏன் நின்றது? டேங்க் உயரம் மாறவில்லையே. தண்ணீர் உள்ளே நுழையும் நட்டைக் கழற்றினால் சின்னச் சல்லடை ஒன்று இருக்கும். அதில் மணலும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூளும் கெட்டியாக அடைத்திருந்தது. போர்வெல் தண்ணீரின் கைங்கரியம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியவுடன் ஷவரிலும் டிக் டிக் சத்தம் வந்தது.

சத்தம் வந்தது, சுடர் வரவில்லை. இங்கே ஒரு நுணுக்கம். ஸ்பார்க் அடிக்கிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஸ்பார்க்குக்குப் போதுமான பேட்டரி, சோலினாய்டை இழுத்துத் திறக்கப் போதாமல் இருக்கும். மூடியைத் திறந்தால் பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பேட்டரி போட்டவுடன் பற்றியது.

பற்றியது, ஆனால் சுடர் மஞ்சள். தண்ணீர் வெதுவெதுப்பு. பர்னருக்குள் போகும் கேஸ், ஜெட் வழியாக வேகமாகப் பாயும்போது பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். 1855ல் புன்சன் தன் பர்னரில் செய்த ஏற்பாடுதான். அந்தக் காற்று வழியில் சிலந்தி கூடு கட்டிவிட்டால் காற்று போதாது. எரியாத கரித்துகள்கள் சூட்டில் மின்னும். அந்த மின்னல்தான் மஞ்சள் நிறம். அந்தக் கரி மேலே போய்ச் செம்புத் தகடுகளின் இடுக்கில் அடையும். இடுக்கு அடைத்தால் புகை மேலே போகாது. புகை போகாவிட்டால் புதுக் காற்று வராது. இன்னும் மஞ்சள், இன்னும் கரி. இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும். கேஸை மூடி, பேட்டரியைக் கழற்றி, முன் மூடியை எடுத்து, அண்ணன் தகடுகளை மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக உதறினார். தரையில் விரித்த பேப்பரில் இரண்டு கைப்பிடிக் கரி விழுந்தது. பர்னர் ஓட்டைகளைத் துடைத்து, காற்று வழிக்குள் ஊதினார். மறுபடி மாட்டியபோது சுடர் நீலம். தண்ணீர் கையில் சுட்டது.

வாத்தியாருக்குச் சந்தோஷம். காபி கொண்டுவரச் சொன்னார். எனக்கும் வேலை முடிந்தது என்றுதான் பட்டது. அண்ணன் மட்டும் தலையைத் தூக்கி மேலே பார்த்தபடி இருந்தார்.

வென்டிலேட்டரில் சிமெண்ட் சாக்கை மடித்து அடைத்திருந்தார்கள். குளிர் காற்று வரக்கூடாது என்று போன மாதம் அடைத்ததாம். கீழே இடைவெளி விட்டிருந்த பழைய மரக் கதவை எடுத்துவிட்டு, தரையோடு ஒட்டும் பிளாஸ்டிக் கதவும் போட்டிருந்தார்கள். "கடைசியா யாரு குளிப்பீங்க?" என்று அண்ணன் கேட்டார். "நாங்க ரெண்டு பேரும் குளிச்சப்புறம் பொண்ணு குளிக்கும். குளிச்சிட்டு வந்தா தல சுத்துது, வாந்தி வருதுன்னு படுத்துக்கும். மாசமா இருக்கறதால அப்படித்தான் இருக்கும்னு இருந்தோம்" என்றார் அந்த அம்மா.

அண்ணன் ஒன்றும் பேசாமல் கேஸை மூடினார். இரண்டு பேட்டரியையும் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கீசரை வெளிச் சுவத்துக்கு மாத்தினாத்தான் இத குடுப்பேன் சார்" என்றார். வாத்தியாருக்குக் கோபம். "அதான் சூடாகுதே, அப்புறம் என்ன? புள்ளத்தாச்சி பொண்ணு பச்சத் தண்ணியிலயா குளிக்கும்?" என்று சத்தம் போட்டார். "இன்னைக்கு அடுப்புல காயவெச்சுக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கூலி கேட்காமல் கிளம்பப் பார்த்தார். வாத்தியாரிடம் எதிர்த்துப் பேசும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் கணக்கு வாத்தியார்.

காலண்டர் தாளில் போட்ட கணக்கு

குளியலறை 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி. 240 கன அடி. மீட்டரில் சொன்னால் சுமார் 6.8 கன மீட்டர். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுமையாக எரிய ஏறக்குறைய பதினைந்தரை கிலோ காற்று வேண்டும். கன அளவில் 12 முதல் 13 கன மீட்டர். கீசர் மணிக்கு 1 கிலோ எரிக்கிறது. ஒருவர் 10 நிமிடம் குளித்தால் 2 கன மீட்டருக்கு மேல் காற்று போயிற்று. மூன்று பேர் அடுத்தடுத்துக் குளித்தால் அரை மணி. 6 கன மீட்டருக்கு மேல். அதாவது அந்த அறையில் இருக்கும் காற்று முழுவதும், கிட்டத்தட்ட!

கதவு திறந்து மூடும்போது கொஞ்சம் காற்று வரும் என்பது உண்மை. அதே நேரத்தில் சுடர், காற்று முழுவதும் தீரும்வரை காத்திருக்காது. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தவுடனேயே கார்பன் டை ஆக்சைடு ஆக வேண்டியதில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாக வெளியே வரும். இதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. சிலிண்டரில் கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமான பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் அது எரிந்துபோய்விடுவதால் எரிந்த புகையில் அந்த எச்சரிக்கையும் இருக்காது. மோனாக்சைடு நம் ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, பிறகு மயக்கம். கருவில் உள்ள குழந்தைக்கு ஆபத்து தாய்க்கு இருப்பதைவிட அதிகம். குளியலறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை நரம்பியல் மருத்துவர்கள் 2008ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேஸ் கீசர் உள்ள குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தவர்களைப் பற்றியது. வலிப்பு நோய் என்று நினைத்து வருஷக்கணக்கில் மாத்திரை கொடுக்க வேண்டியதில்லை, காரணம் கீசராக இருக்கலாம், தடுக்கக்கூடியது என்பது அதன் சாரம். இந்தச் சின்னக் கீசர்களுக்கென்றே ஐ.எஸ். 15558 என்ற இந்தியத் தர நிர்ணயம் 2005ல் வந்தது. பல கம்பெனிக் கையேடுகளிலும் காற்றோட்டம் இல்லாத அறைக்குள் மாட்டாதீர்கள் என்று அச்சிட்டிருக்கும். கையேட்டை அட்டைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறோம்.

எரியாத கீசரால் யாருக்கும் ஆபத்து இல்லை, குளிர்தான். நாம் போய்ப் பழுது பார்த்து எரிய வைத்த பிறகுதான் அது ஆபத்தான பொருளாகிறது. அதனால் புகை போகும் வழியைப் பார்ப்பது வீட்டுக்காரர் வேலை, நம் வேலை இல்லை என்று பழுதுபார்ப்பவர் சொல்ல முடியாது என்பது என் கருத்து. சங்கிலியில் கடைசிக் கண்ணி சுடரோ தண்ணீரோ அல்ல, ஜன்னல்.

எங்கள் ஊரில் இது புது அறிவும் அல்ல. குளிர் காலத்தில் பட்டுப்புழு வளர்ப்பு மனையில் சூடு வேண்டும் என்று கரி அடுப்பு வைப்பார்கள். கரி நன்றாகக் கனிந்து புகை அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுபோவார்கள். காற்றுப் போக ஜன்னலைக் கொஞ்சம் திறந்தும் வைப்பார்கள், புழுவுக்கு ஆகாது என்று. என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. வாத்தியார் வீட்டு விஷயத்தைச் சொன்னபோது, "புழுவுக்கே தொறந்து வெக்கறோம், பெத்த புள்ளைக்கு அடைச்சு வெச்சிருக்காங்களே" என்றார்.

வாத்தியார் காலண்டர் தாளை இரண்டு முறை படித்தார். பெருக்கலில் ஒரு தசமத்தைத் திருத்தினார் (விடை மாறவில்லை). மகளைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் இந்த விஷயத்தையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார் அண்ணன். தலைசுற்றலுக்குக் காரணம் இதுதான் என்று நாங்கள் சொல்லவில்லை, அதைச் சொல்ல நாங்கள் யார்? மூன்றாம் நாள் கீசரைப் பின்பக்கச் சுவரில் ஷீட் தாழ்வாரத்தின் கீழே மாட்டினோம். சுடுதண்ணீர் வரும் குழாயைச் சாதாரண பி.வி.சி.யில் போடாமல் சி.பி.வி.சி.யில் போட வேண்டும். சாதாரணக் குழாய் சூட்டில் வளைந்து நெகிழ்ந்துவிடும். மழைச் சாரலும் நேர்க் காற்றும் சுடரில் அடிக்காத இடமாகவும் பார்க்க வேண்டும். அன்றைக்குத்தான் அண்ணன் பையிலிருந்து பேட்டரியை எடுத்துக் கொடுத்தார்.

இன்னும் சில விஷயங்கள்

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தருமபுரி மாவட்டத்துக்காரன் எழுதிய கட்டுரை ஆகாது. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டால் கால்சியம் கார்பனேட்டாக மாறிச் செம்புக் குழாய்க்குள் ஓடு கட்டும். வெந்நீர்த் தவலையின் உள்ளே வெள்ளையாகப் படிவது இதுதான். ஓடு வெப்பத்தைக் கடத்தாது, குழாயும் குறுகும். சல்லடை சுத்தமாக இருந்தும், சுடர் நீலமாக இருந்தும், தண்ணீர் மெலிதாக வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கேஸை மூடி, கீசரைக் கழற்றிக் கீழே வைத்து, ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துக் குழாய்க்குள் ஊற்றினால் நுரை பொங்கும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பித்தளையையும் பற்றவைப்பையும் சேர்த்தே தின்றுவிடும்.

நம் மாவட்டத்தில் பல்லில் காவிக் கறை வருவதற்குக் காரணம் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு. அதையும் இந்தச் சுண்ணாம்பையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். காய்ச்சினால் சுண்ணாம்பு கொஞ்சம் படியும், ஃபுளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013ல் தொடங்கப்பட்டதே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். அந்தத் தண்ணீர் குடிக்க. கீசருக்கு இன்னும் பல வீடுகளில் போர்வெல்தான்.

கேஸ் பக்கம் வருவோம். கீசரும் அடுப்பும் ஒரே சிலிண்டரில் ஒரு டி ஜாயின்ட் போட்டு ஓடுகிற வீடுகள் உண்டு. சாதாரண வீட்டு ரெகுலேட்டரின் வெளி அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான். கீசர் ஓர் அடுப்பு பர்னரைப் போலப் பல மடங்கு கேஸ் கேட்கும். அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது குளியலறையில் தண்ணீர் ஆறிப்போனால் காரணம் தேட வேண்டியதில்லை. தனிச் சிலிண்டர்தான் முறை. சிலிண்டரில் கேஸ் குறைந்த நிலையில் குளிர்காலத்தில் வேகமாக இழுத்தால், ஆவியாவதற்கான மறைவெப்பத்தைத் தன் உடம்பிலிருந்தே எடுத்து சிலிண்டர் வியர்த்துப்போகும். அப்போதும் அழுத்தம் விழும். சிலர் சிலிண்டரைச் சுடுதண்ணீரில் வைக்கிறார்கள். வேண்டாம்.

கசிவைச் சோப்பு நுரையால் மட்டும் பார்க்க வேண்டும். தீக்குச்சியால் பார்த்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு, சொன்னவர்கள் கையில் தழும்பும் உண்டு. ஆரஞ்சு நிற ரப்பர் டியூபில் தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சோலினாய்டு, ரெகுலேட்டர், ஜெட் ஆகிய மூன்றையும் நம்மைப் போன்ற மாணவர்கள் வீட்டில் கழற்றிப் பார்க்கவே கூடாது. அது பயிற்சி பெற்றவர் வேலை. கசிவு என்றால் 1906 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம்.

நம் விடுதி நண்பர்களில் சிலர் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுக் கீசரைப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போகிறவர்கள் லேபிளில் உள்ள லிட்டர், குறைந்தபட்ச நீர் அழுத்தம் இரண்டையும், டேங்கின் உயரத்தையும், குளியலறையின் நீள அகல உயரத்தையும் வென்டிலேட்டர் அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். தெர்மல் லேப் நடக்கும் நாளில் எல்லாவற்றையும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடலாம். டேப் என்னிடம் ஒன்று இருக்கிறது, கேட்டால் தருவேன்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை